கட்டத்துக்குள் எடுத்த கல்யாணம்

2015-ஆம் வருடம் தை முதல் ஆனி வரை பதின்மூன்று கல்யாணங்களுக்குப் படம் எடுத்தேன். பதின்மூன்று வீட்டாரிடமும் என்னிடம் இல்லாத ஒன்றுக்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினேன். அது இல்லை என்பது முதல் ஏழு கல்யாணம் வரை எனக்கே தெரியாது. மீதி ஆறில் தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன்.

நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். ஃபிலிம் காலத்தில் ஆரம்பித்து டிஜிட்டலுக்கு வந்தவன். அந்த வருடம் வரை என்னிடம் இருந்தது நிக்கான் டி7000. கூடவே 17-55 லென்ஸ், எஃப் 2.8. மண்டபத்து இருட்டில் அந்த லென்ஸ் தெய்வம் மாதிரி. முக்கால் கிலோ கனம், கையில் எடுத்தாலே மரியாதை வரும். தாலி கட்டும் நேரத்தில் வீடியோகாரர் தோளுக்கும் நாதஸ்வரக்காரர் தலைக்கும் நடுவே புகுந்து எடுக்க அதைப் போல ஒன்று அமையாது. அந்த லென்ஸின் வயிற்றுப் பக்கம் ‘டிஎக்ஸ்’ என்று இரண்டு எழுத்து பொறித்திருக்கும். பல வருடமாகத் துணியால் அந்த எழுத்தின் மேல்தான் தூசி துடைத்தேன். அதற்கு அர்த்தம் என்ன என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க அவசியமும் இல்லை, என் கேமராவும் டிஎக்ஸ்தான்.

2014-இல் தொழிலில் ஒரு பேச்சு கிளம்பியது. ‘அவர் ஃபுல்ஃப்ரேம்ல எடுக்கிறாராம்.’ இப்படிக் கேட்கிற பெண் வீட்டாருக்கு ஃபுல்ஃப்ரேம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும். ஆனால் எதிர்க்கடைப் பையன் ஒருவன், என்னிடமே லைட் பிடித்துப் பழகியவன், அந்தச் சொல்லைப் போர்டில் எழுதிவிட்டான். மார்கழியில் இரண்டு ஆர்டர் அவன் பக்கம் போனது. பொறுக்கவில்லை. நகையை அடகு வைத்து டி750 வாங்கப் புறப்பட்டேன். செப்டம்பரில்தான் வெளியாகியிருந்த கேமரா, 24 மெகாபிக்சல், பாடி மட்டுமே லட்சத்துக்கு மேல்.

கடையில் இருந்த விற்பனையாளர் நேர்மையானவர் என்று இப்போது சொல்லத்தான் வேண்டும். “பாடி மட்டும் வேணாம் சார், 24-120 லென்ஸோட கிட்டா எடுத்துக்குங்க” என்றார்.

தோள்பையைத் தட்டிக் காட்டினேன். “நம்மகிட்ட 17-55 இருக்கு. 2.8.”

“அது டிஎக்ஸ் லென்ஸ்தானே சார்?”

“மாட்டும்ல?”

“மாட்டும்…” என்று இழுத்தார்.

அந்த இழுப்பு என் காதில் விழுந்தது. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இருபது வருடத் தொழில்காரன் கவுன்ட்டரில் நின்று பாடம் கேட்பதா? பில் போடச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே விசிட்டிங் கார்டில் எந்த எழுத்தில் ‘ஃபுல்ஃப்ரேம்’ போடுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சிவப்பில் போட்டேன்.

தையில் முதல் முகூர்த்தம், சுவாமிமலைப் பக்கம் ஒரு மண்டபம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். டி7000-ஐவிட ஜன்னல் பெரிதாக இருந்தது. அந்தப் பெரிய ஜன்னலுக்குள் மெல்லிய கறுப்புக் கோட்டில் இன்னொரு கட்டம். கட்டத்துக்கு வெளியே மூலைகள் நான்கும் இருட்டாகத் தெரிந்தன. ஜன்னல் முழுவதும் நிறைத்து நலங்கு எடுத்தேன். திரையில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஆள் வெட்டுப்பட்டிருந்தது. அடுத்த படத்தைக் கட்டத்துக்குள் அடக்கி எடுத்தேன், சரியாக வந்தது. ஆக, கட்டத்துக்குள்தான் எடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவன் என் உதவியாளர் தம்பி. பத்தொன்பது வயது. மாலை ரிசப்ஷனில் இரண்டு நிமிடம் கேமராவைக் கொடுத்தேன், கண்ணை வைத்தவன் எடுக்கவேயில்லை. “அண்ணே, உள்ளுக்குள்ள ஒரு சின்னக் கட்டம் இருக்கு. வெளிய மூலையெல்லாம் கறுப்பா இருக்கே?”

“ஃபுல்ஃப்ரேம்னா அப்படித்தான்டா இருக்கும்.”

“கட்டத்துக்கு வெளிய இருக்கறது படத்துல வராதாண்ணே?”

“வராது.”

“அப்ப எப்படிண்ணே ஃபுல்?”

கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, “போய் ஸ்டாண்டைத் தூக்கு” என்றேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தொழில் தெரிந்தவன் அவன். இதை அவனிடம் இன்றுவரை நேரில் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. மெமரி கார்டில் எத்தனை படம் மிச்சம் என்று கேமரா காட்டும் அல்லவா? பழைய கேமராவில் காட்டியதைவிடப் புதியதில் அந்த எண் கூடுதலாக இருந்தது. புதுக் கேமரா, சிக்கனமாகச் சேமிக்கிறது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பெரிய படம் எடுக்கும் கேமராவுக்குக் கார்டில் இடம் குறையத்தானே வேண்டும்? இடம் கூடியிருக்கிறது என்றால் படம் சிறுத்திருக்கிறது. மளிகைக் கணக்குப் பார்க்கிறவளுக்கு இது உடனே புரிந்திருக்கும், நான்தான் அவளைக் கேட்கவிடவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். லென்ஸ் கேமராவுக்குள் விழவைப்பது ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் அடங்கும் செவ்வகமே சென்சார். ஃபுல்ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் அளவு. அதன் மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டர் சொச்சம். அதை மூட வட்டமும் அந்த அளவாவது இருக்க வேண்டும். நிக்கானின் டிஎக்ஸ் சென்சார் 23.5-க்கு 15.6 தான், மூலைக்கு மூலை 28. சின்ன சென்சாருக்குச் சின்ன வட்டம் போதும் என்பதால் லென்ஸைச் சின்னதாக, கனம் குறைவாக, விலை குறைவாகச் செய்யலாம். டிஜிட்டல் தொடங்கிய காலத்தில் பெரிய சென்சாரின் விலை யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1999-இல் வந்த நிக்கான் டி1 சின்ன சென்சார்தான். 2003-இல் அதற்கென்றே டிஎக்ஸ் லென்ஸ்கள் வரத் தொடங்கின. 2007-இல் டி3 வரும்வரை நிக்கானில் ஃபுல்ஃப்ரேம் டிஜிட்டலே கிடையாது. அந்த இடைவெளியில் தொழில் செய்தவர்கள் பை நிறைய டிஎக்ஸ் லென்ஸ் சேர்ந்ததில் வியப்பில்லை. என் பையும் அப்படித்தான்.

நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-இல் வந்தது. வாய் அளவு அன்றிலிருந்து மாறவில்லை. அதனால் டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல்ஃப்ரேம் பாடியில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டியதும் லென்ஸில் இருக்கும் சில்லு ‘நான் டிஎக்ஸ்’ என்று கேமராவிடம் சொல்லிவிடும். கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். டி750 மெனுவில் இதற்கு ‘ஆட்டோ டிஎக்ஸ் கிராப்’ என்று பெயர், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஆன் ஆகியிருக்கும். 6016-க்கு 4016 பிக்சல் எடுக்க வேண்டிய கேமரா 3936-க்கு 2624 எடுக்கும். அதாவது 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும். எட்டு முழ வேட்டி கட்ட வேண்டிய இடத்தில் நான் நாலு முழத்தைக் கட்டினேன். கேமரா என் மானத்தைக் காப்பாற்றத் தன் இடுப்பைச் சுருக்கிக்கொண்டது.

நான் விற்றுவிட்ட டி7000 எவ்வளவு என்கிறீர்களா? 16 மெகாபிக்சல். நகையை அடகு வைத்து, லட்சத்துக்கு மேல் கொடுத்து, 16-லிருந்து 10-க்கு இறங்கியிருக்கிறேன்.

பிக்சல் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஃபுல்ஃப்ரேம் என்று எதைச் சொல்லி விற்றேன்? இருட்டில் புள்ளி அடிக்காது, பின்னணி வெண்ணெய் மாதிரி கரையும் என்று. இரண்டும் சென்சாரின் பரப்பளவால் வருபவை. இரண்டேகால் மடங்கு பெரிய சென்சாரை வாங்கி, பழைய அளவுக்கே வெட்டிப் பயன்படுத்தினால், இருட்டிலும் ஏறக்குறைய பழைய தரம்தான் கிடைக்கும், பின்னணியும் பழைய அளவுக்குத்தான் கரையும். பெண் வீட்டார் திரையைப் பார்த்து, “ஆமாங்க, ஃபுல்ஃப்ரேம்னா தனியாத்தான் தெரியுது” என்றார்கள். நானும் தலையாட்டினேன். அப்போது உண்மையிலேயே எனக்கும் தனியாகத்தான் தெரிந்தது.

திருவாரூரில் எனக்கு ஒரு கேனன் நண்பர். அதே சமயம் அவரும் ஃபுல்ஃப்ரேம் பாடி வாங்கினார். சின்ன சென்சாருக்கான தன் பழைய இஎஃப்-எஸ் லென்ஸை மாட்டப் பார்த்தால் மாட்டவே இல்லை. இஎஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம், இஎஃப் லென்ஸில் சிவப்புப் புள்ளி. ஃபுல்ஃப்ரேம் பாடியின் வாயில் சிவப்புப் புள்ளி மட்டும்தான், வெள்ளைச் சதுரத்துக்கு இடமே இல்லை. இஎஃப்-எஸ் லென்ஸ்களின் பின்பகுதி கேமராவுக்குள் கூடுதலாக நீளும். பெரிய சென்சார் கேமராவின் கண்ணாடியும் பெரிது, மேலே எழும்போது போய் இடிக்கும். பின்பக்க வளையத்தை அறுத்துவிட்டு மாட்டிப் பார்த்த சூரர்களும் உண்டு, சூரத்தனம் கண்ணாடி உடையும்வரை. நண்பர் எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் திட்டினார். “எங்க நிக்கான்ல எல்லாம் மாட்டும்” என்று நான் ஆறுதல் சொன்னேன். அவருக்கு உண்மை கடை வாசலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு நான்கு மாதம் ஆனது. (கேனனிலும் டாம்ரான் டிஐ டூ, சிக்மா டிசி போன்ற வெளி நிறுவனங்களின் சின்ன சென்சார் லென்ஸ்கள் மாட்டிக்கொள்ளும். அந்த எஸ்எல்ஆர் பாடிகள் தானாக வெட்டாது. படத்தைச் சுற்றிக் கிணற்றுக்குள்ளிருந்து வானம் பார்த்த மாதிரி கறுப்பு வளையம் விழும். அது எவ்வளவோ மேல், முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.)

சித்திரையில், தையில் எடுத்த கல்யாணத்தின் ஆல்பம் கொடுத்தேன். 12-க்கு 36 அங்குல கரிஸ்மா, முப்பது ஷீட். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டினார். கடைசியில் ஆல்பத்தை என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, பொண்ணு தனியா நிக்கிற படமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. புடவை ஜரிகைல இழை எண்ணலாம். தாலி கட்டற படம் ஏன் மங்கலா இருக்கு? ரெண்டும் ஒரே கேமராதானே?”

வாத்தியார் கேட்டது அத்தனை சரியான கேள்வி. பெண்ணைத் தனியாக எடுத்தது ஃபிலிம் காலத்து 50 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 1.8. ஃபிலிமுக்குச் செய்த லென்ஸ் என்பதால் அது ஃபுல்ஃப்ரேமை முழுதாக மூடும். என் பையில் கிடந்ததிலேயே விலை குறைந்த அந்த ஒன்றுதான் புதுக் கேமராவுக்குப் பொருத்தமான லென்ஸ். அதில் எடுத்தவை 24 மெகாபிக்சல், 17-55-இல் எடுத்தவை 10. தாலி கட்டும் படத்தில் ஓரத்தில் நின்ற வீடியோகாரரை டிசைனர் வெட்டியிருந்தார். அகலம் 2600 பிக்சல்தான் மிஞ்சியது. அதை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 72 பிக்சல். மங்காமல் என்ன செய்யும்? முழு சென்சாரில் எடுத்து அதே அளவு வெட்டியிருந்தால் அங்குலத்துக்கு 110 கிடைத்திருக்கும். விற்றுப்போன டி7000-இலேயே 90 வந்திருக்கும்.

அன்றைக்கு இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் வாய் தயாராக இருந்தது. “பிரிண்ட் போட்ட இடத்துல கோளாறு சார். மாத்தித் தரச் சொல்றேன்.”

லேப் திருச்சியில். அதன் உரிமையாளர் என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வாத்தியார் வீட்டு வாசலில் நின்றே போன் போட்டேன், அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. “என்னய்யா பிரிண்ட் போட்டிருக்கீங்க? பார்ட்டி முன்னாடி மானம் போகுது!” அவர் நிதானமாக, “ஃபைலை ஒரு தடவை செக் பண்ணிடுங்கண்ணே” என்றார். “ஃபுல்ஃப்ரேம்ல எடுத்த ஃபைல்யா அது!” என்று கத்திவிட்டு வைத்தேன்.

ராத்திரி கடையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வாத்தியாரின் கேள்வி குடைந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். ஒன்றில் 6016, இன்னொன்றில் 3936. பெட்டியிலிருந்து பிரிக்காமல் கிடந்த கையேட்டைப் பிரித்தேன். ‘இமேஜ் ஏரியா’ என்ற தலைப்பில் எல்லாம் தெளிவாக, படம் போட்டு எழுதியிருந்தது. எந்த லென்ஸ் மாட்டினால் என்ன ஆகும், வியூஃபைண்டரில் கட்டம் எப்படித் தெரியும் என்று. தம்பி கேட்டதற்குப் பதில் அந்தப் பக்கத்தில் நான்கு மாதமாக இருந்திருக்கிறது. மணி இரண்டு வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை நடந்தது அறியாமை, வீம்பு. விடிந்த பிறகு செய்ததுதான் குற்றம்.

காலையில் லேபுக்குப் போன் செய்து, ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. டிசைனரை உட்காரவைத்து அந்த விரிந்த ஷீட்டைப் பிரித்தேன். ஒரு பெரிய படத்துக்குப் பதில் நான்கு சின்னப் படம். மற்ற ஷீட்டுகளிலும் பெரிதாகப் பரப்பியதையெல்லாம் சுருக்கி, ஓரத்தில் பூவும் கோலமும் போட்டு அடைத்தேன். புது ஃபைலை அனுப்பி, ‘இந்தத் தடவையாவது ஒழுங்கா போடுங்க’ என்றும் சொன்னேன். முப்பது ஷீட்டுக்கு ஏழாயிரத்து இருநூறு ரூபாய். அதை லேப் தலையில் கட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போட்டு அனுப்பினார்.

சின்னதாகப் போட்ட படம் கூர்மையாகத்தானே தெரியும்! வாத்தியாருக்குத் திருப்தி. “பார்த்தீங்களா தம்பி, கவனமா போட்டா நல்லாத்தான் வருது. அந்த லேபை மாத்திடுங்க” என்றார். “மாத்தணும் சார்” என்றேன்.

பிறகு வைகாசியில் நான்கு, ஆனியில் இரண்டு. பொருத்தமான லென்ஸ் வாங்கக் கையில் காசில்லை, 24-70 எஃப் 2.8 பாடி விலைக்குக் கிட்டத்தட்ட வந்தது. கார்டில் சிவப்பெழுத்தை அடிக்க மனமில்லை. அட்வான்ஸ் வாங்கியாயிற்று. 16 மெகாபிக்சல் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தால்கூட அதே 17-55 ஒழுங்காக வேலை செய்திருக்கும். வாடகை கேமராவோடு மண்டபத்துக்குப் போனால் எதிர்க்கடைக்காரன் பார்ப்பானே என்று அதையும் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தேன். மெனுவில் ஆட்டோ கிராப்பை ஆஃப் செய்துவிட்டு, அதே லென்ஸில் முழு சென்சாரையும் எடுத்தேன். 17-இல் நான்கு மூலையும் அமாவாசை. ஜூமைத் திருப்பத் திருப்ப வட்டம் விரியும். ஏறக்குறைய 28 தாண்டினால் கறுப்பு விலகும், ஆனாலும் ஓரத்து முகங்கள் தண்ணீரில் கரைந்த மாதிரிதான் இருக்கும். ஒருவர், இருவர் என்றால் நடுவில் நிற்கவைத்துச் சமாளித்தேன். எல்லா டிஎக்ஸ் லென்ஸும் இப்படி மோசம் என்று சொல்ல மாட்டேன். 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 டிஎக்ஸ், விலை குறைந்த சின்ன லென்ஸ், ஃபுல்ஃப்ரேமைப் பெரும்பாலும் மூடிவிடும், மூலை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். டோகினா 11-16-ஐயும் 16-இல் வைத்து ஓட்டிவிடலாம். ஆனால் மேடைக்கு மேடை ஜூம் இல்லாமல் கல்யாணம் எடுக்க என்னால் முடியவில்லை.

குரூப் போட்டோ என்று வந்தால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் மேடை கொள்ளாமல் நிற்கும். மண்டபத்தில் பின்னால் நகர இடம் இருக்காது. 20-இல் எடுத்துவிட்டு, கறுத்த மூலைகளை ஃபோட்டோஷாப்பில் நிரப்பினேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துப் பூசும். மேடை ஓரத்தில் கட்டிய வாழை மரம்தான் பெரும்பாலும் அதற்கு அகப்பட்டது. ஆனி மாதத்துக் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தில், வலது கோடியில் நிற்கும் சித்தப்பா ஒருவரின் தோளிலிருந்து வாழையிலை முளைத்திருக்கும். அந்த வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கவனித்திருந்தும் பெரிய மனதோடு விட்டிருக்கலாம்.

மூலையை நிரப்பும் வேலையைத் தம்பியிடம்தான் கொடுத்தேன். அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தைக்குப் பிறகு அவன் என்னிடம் எதையுமே கேட்பதை நிறுத்திவிட்டான். ஆடியில் வேலையை விட்டுப் போனான். இப்போது மயிலாடுதுறையில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான், நன்றாக எடுக்கிறான். ஒரு கல்யாணத்தில் எதிரெதிரே நின்றோம், அவன் பெண் வீட்டுக்கு, நான் மாப்பிள்ளை வீட்டுக்கு. “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்றான். கழுத்தில் தொங்கிய கேமராவைத் தொட்டு, “இதுல கட்டம் தெரியாதுண்ணே” என்று சிரித்தான். குத்தலா, நட்பா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவன் சொன்னது ஒரு வகையில் பயமுறுத்துகிற உண்மை. கண்ணாடி வைத்த என் கேமராவில் கட்டமாவது தெரிந்தது, மூலையாவது இருண்டது. இன்றைய மிரர்லெஸ் கேமராவில் வியூஃபைண்டரே ஒரு குட்டித் திரை. நிக்கான் இசட் பாடியில் அடாப்டர் வைத்துப் பழைய டிஎக்ஸ் லென்ஸை மாட்டினாலும் சரி, சோனி ஃபுல்ஃப்ரேமில் சின்ன சென்சாருக்கான ஏபிஎஸ்-சி லென்ஸை மாட்டினாலும் சரி, கேமரா நடுப்பகுதியை வெட்டி, அதையே திரை முழுக்க விரித்துக் காட்டிவிடும். இருண்ட மூலையும் கிடையாது. கேனனின் புது ஆர்எஃப் பாடிகளும் இப்போது சின்ன லென்ஸை ஏற்றுக்கொண்டு தானே வெட்டிக்கொள்கின்றன. 20 மெகாபிக்சல் ஆர்6-இல் மிஞ்சுவது 8-க்கும் குறைவு. என்னிடம் வந்து கேட்கும் பையன்களுக்கு நான் சொல்வது, புது லென்ஸ் மாட்டியதும் ஒரு படம் எடு, அதன் பிக்சல் எண்ணைப் பார், பிறகு மண்டபத்துக்குப் போ என்பதுதான். தெரிந்து வெட்டினால் அதில் தப்பே இல்லை. 45 மெகாபிக்சல் டி850 வைத்துக்கொண்டு பறவை எடுப்பவர்கள் வேண்டுமென்றே டிஎக்ஸ் கிராப்பில் வைக்கிறார்கள், அப்போதும் 19 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். ஹெச்டி வீடியோவுக்கும் அது ஒரு குறையே இல்லை.

ஆவணியில் பழைய 24-120 ஒன்றை வாங்கினேன், கடைக்காரர் முதல் நாளே கிட்டாகத் தருகிறேன் என்ற அதே லென்ஸ். மாட்டி வியூஃபைண்டரில் பார்த்தபோது கட்டத்தைக் காணோம். ஜன்னல் முழுக்க வெளிச்சம். அதற்கப்புறம் வந்த எந்தக் கல்யாணத்திலும் ஃபுல்ஃப்ரேம் என்று சொல்லி நான் காசு கேட்கவில்லை. உண்மையில் இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை.

லேப்காரரிடம் மட்டும் போய்வந்தேன், போன மாதம்தான். ஏழாயிரத்து இருநூறைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்த வார்த்தைகளோடு. தலை நரைத்துவிட்டது அவருக்கு. பாதி சொல்வதற்குள், “வாத்தியார் வீட்டு ஆல்பம்தானேண்ணே?” என்றார்.

“ஞாபகம் இருக்கா?”

“மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. ஃபைல் வந்தா நாங்க முதல்ல பாக்கறதே நம்பரைத்தான். அந்த வருஷம் உங்களை மாதிரி நாலு பேர் டி750-ல பழைய லென்ஸ் போட்டு அனுப்பினாங்க.”

“சொல்லியிருக்கலாமே?”

“ஃபைலை செக் பண்ணுங்கன்னு சொன்னேனேண்ணே. நீங்க கத்தினீங்க. அதுக்கு மேல சொன்னா அடுத்த ஆல்பம் வேற லேபுக்குப் போயிடும்.”

கவரை வாங்கி எண்ணினார். பழைய நோட்டில் என் பெயரைத் தேடி, அடுத்த ஆல்பத்துக்கு வரவு என்று எழுதிக்கொண்டார். டீ வந்தது, குடித்தோம்.

பதின்மூன்று வீட்டாருக்கும் பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்றால், இல்லை. வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அந்த வருடம் என்னிடம் கல்யாணம் எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கடைக்கு வாருங்கள். உங்கள் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, பணமும் தருகிறேன். படத்தில் இல்லாத பிக்சலை மட்டும் தர முடியாது.

17-55-ஐ விற்கப் போகிறேன். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, ஃபோகஸ் இன்னும் பளிச்சென்று நிற்கும். வாங்க வருகிறவர் தன் கேமராவையும் கூடவே எடுத்து வரட்டும்.